மீட்டர் வீட்டுக் கல்

மீட்டரின் இடது சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்ட நீலக்கல்லைச் சோதித்துப் பார்த்த அன்று கூடத்தில் இருந்தவர்கள் விவரம் பின்வருமாறு. சன்னலோர மர நாற்காலியில், வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்தபடி, மீட்டர். தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்ததால் அவரால் சாயவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. அவருக்கு எதிரே, வீட்டிலிருந்த ஒரே சோபாவில், அவருடைய மனைவியின் அண்ணன். நிலத் தரகரான அவர் அந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் அதில்தான் உட்காருவார். வேறு யாராவது அதில் இருந்தால், அவர்கள் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றுகொண்டு அன்பாக நலம் விசாரிப்பார். சோபாவின் மறுபாதியில் மீட்டரின் அக்கா. தம்பிக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டபோது முழங்கால் வலியால் வர முடியாமல் போய், கல் நீலம் என்று கேள்விப்பட்டபோது வலி விட்டு, அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியவர். தரையில், பிளக் பாயிண்டுக்கு அருகே, கைபேசிக்குச் சார்ஜ் ஏறும்வரை அங்கேயே குடியிருந்த மகள். சமையலறை நிலைப்படியில், நின்றாள் என்றும் சொல்ல முடியாமல் உட்கார்ந்தாள் என்றும் சொல்ல முடியாமல், மனைவி. சாப்பாட்டு மேசையில், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, துணி விரித்துக் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த கல் சோதனை நிலையத்து மேடம். மேசையின் நடுவே, இருமல் மருந்து மூடியில் பஞ்சு வைத்து, கல். அங்கிருந்தவர்களில் வசதியாக இருந்தது அது ஒன்றுதான்.

மீட்டர் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. நகரக் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுவது அவருக்கு வேலை. வாசலில் நின்று "மீட்டர்" என்பார்; உள்ளேயிருந்து "யாரு?" என்று வந்தால் மறுபடியும் "மீட்டர்" என்பார். சில வருஷங்களில் கல்யாணப் பத்திரிகைகளே அந்தப் பெயருக்கு வரத் தொடங்கின. ஊரார் எவ்வளவு குடித்தார்கள், எவ்வளவு குளித்தார்கள், எவ்வளவு ஒழுகவிட்டுத் தூங்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படி எழுதிக்கொண்டு வெயிலில் தெருத்தெருவாக நடந்த அத்தனை வருஷமும் பகலில் அவர் தண்ணீர் குடித்ததில்லை. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. குடித்தால் போக வேண்டிவரும், போவதற்கு இடமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் கூச்சத்தோடு கேட்டுப் பார்த்தார். வீட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீட்டர் வெளியிலதானே இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. அவருடைய பணிப்பதிவேட்டில் ஒவ்வொரு வருஷமும் அதிகாரிகள் 'திருப்திகரம்' என்று எழுதி வந்தார்கள். அதற்கு மேலே ஒரு சொல் எழுத அவர்களுக்குக் கை வரவில்லை, கீழே எழுதவும் காரணம் கிடைக்கவில்லை.

வலி வந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ஊரில் கல் டாக்டர் என்று அறியப்பட்டவர் அதை எடுத்தார். அவர் கையால் மூட்டை மூட்டையாகக் கல் எடுத்தவர். எல்லாம் பழுப்பாக, முள்ளும் முரடுமாக இருக்கும். மீட்டருடையது நீலமாக இருந்தது, பட்டையும் தீட்டியிருந்தது. மேலே மேசைபோல் ஒரு தட்டை, சுற்றிலும் சரிவு சரிவாக முகங்கள், அடியில் கூர். டாக்டர் அதைத் தட்டில் தட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷ நடையில் உள்ளேயே உராய்ந்து உராய்ந்து பட்டை விழுந்திருக்கும் என்று அபிப்பிராயப்பட்டார். நகைக்கடைக்காரர்கள் இதற்குத் தனியாகக் கூலி வாங்குவார்கள் என்றும், தான் அப்படியெல்லாம் கேட்பதில்லை என்றும் சொன்னார். விடுவிப்புச் சீட்டில் 'கல், நீலம், ஒன்று' என்று எழுதினார். இனிமேல் தண்ணீரை வேளாவேளைக்குக் குடிக்க வேண்டும், குடிக்காவிட்டால் மறுபடியும் வரும் என்று எச்சரித்தார். இந்த எச்சரிக்கையை மனைவியின் அண்ணன் மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டார். 'மறுபடியும் வரும்' என்பதை அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மேடம் தன் வேலையைத் தொடங்கினார். அவர் பேச்சைவிடக் கருவிகளை நம்புகிற ஆள். கருவிகளையும் இரண்டு முறை கேட்காமல் நம்புவதில்லை. வழக்கமாக ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் உதட்டில் வைத்துப் பார்ப்பார். இந்தக் கல் புறப்பட்ட இடத்தை உத்தேசித்துப் புறங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடியா இருந்தா நம்ம சூட்டை வாங்கிக்கும்," என்றார். "நெசமான கல்லு அவ்வளவு சீக்கிரம் சூடு வாங்காது. இது வாங்கல."

பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடி என்றால் உள்ளே காற்றுக் குமிழி இருக்க வேண்டும், இல்லை. அதற்குப் பதில் பட்டு நூல்போல மெல்லிய இழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. ஆலையில் செய்த கல்லில் அப்படி வருவது அபூர்வமாம். அடுத்து ஒரு சிறு குழாய் வழியாகப் பார்த்தார். ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் பச்சை கலந்த நீலம். ஒரே கல் தன்னை இரண்டு நிறமாகக் காட்டுவது நல்ல சகுனமாம். இதைக் கேட்டு மகள், "நம்ம வீட்டுல நெறைய பேருக்கு அந்த குணம் இருக்கே, அவங்களையும் பாத்துருங்க மேடம்," என்றாள். அவளுடைய மாமா கூரையைப் பார்த்தார். பிறகு மேடம் கல்லை ஒரு நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டுக் காற்றில் ஒரு முறை, தண்ணீர் டம்ளருக்குள் ஒரு முறை நிறுத்தார். தண்ணீரைப்போல நான்கு மடங்கு கனம். கடைசியாக, கல்லுக்குள் ஒளி எவ்வளவு ஒடிகிறது என்று பார்க்கும் கருவியில் வைத்தார். ஒன்று புள்ளி ஏழு ஆறு.

"குருந்தம்," என்றார் மேடம்.

"கேன்சரா?" என்றார் அக்கா.

"கல்லோட வகைங்க. மாணிக்கமும் நீலமும் ஒரே குருந்தம்தான். சிவப்பா இருந்தா மாணிக்கம், நீலமா இருந்தா நீலம். வைரத்தைத் தவிர வேற எந்தக் கல்லும் இதைக் கீற முடியாது."

மனைவியின் அண்ணன் மீட்டரின் வலது விலாவை ஒரு காலி மனையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்ப மாப்பிள்ளை, அந்தப் பக்கம் செவப்பு இருக்க வாய்ப்பு இருக்கு."

"மச்சான், அந்தப் பக்கம் கிட்னி இருக்கு," என்றார் மீட்டர்.

மேடம் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கல்லை வெள்ளைத் தாளில் வைத்து மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். கல்லுக்குள்ளே ஒளி, டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் ஓடுவதுபோல, ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடியது. கல் பார்க்கிறவர்கள் அதை நீரோட்டம் என்பார்கள். பட்டு இழை இருக்கலாம், கீறல் இருக்கலாம், நீரோட்டம் இல்லாவிட்டால் கல் இல்லை. இப்படியொரு நீரோட்டத்தைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று சொன்ன மேடம், வழக்கப்படி எல்லாவற்றையும் இரண்டாம் முறை அளக்கத் தொடங்கினார். அளவு மாறியது. ஒன்று புள்ளி ஏழு ஆறாக இருந்தது ஒன்று புள்ளி ஐந்து இரண்டாயிற்று, அதாவது சோடா பாட்டில் கண்ணாடி. நான்கு மடங்கு கனம் இரண்டரையாக இறங்கியது. கல்லுக்குள் ஓடிய ஒளி, பஸ் போன பிறகு நிற்கும் ஆளைப்போல, இருந்த இடத்திலேயே நின்றது. மேடம் கருவியைத் துடைத்தார், தன் கண்ணாடியைத் துடைத்தார், மூன்றாம் முறை பார்ப்பதற்குள் அளவு மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கே வந்தது. ஒரு கல்லுக்கு ஒரு எண்தான் இருக்கலாம் என்பது அவருடைய கல்வி. அவர் நிமிர்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"சார், உங்க மீசை நனைஞ்சிருக்கு. தண்ணி குடிச்சீங்களா?"

மீட்டர் குற்றவாளிபோல எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டர் சொன்னபடி வேளைக்குக் குடித்ததாகச் சொன்னார். மேடம் இன்னும் ஒரு மடக்கு குடிக்கச் சொன்னார். அவர் விழுங்கினார், தாளின்மேல் கல் வெளுத்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்து, அடுத்த மடக்குக்கு ஆசைப்பட்டு உதட்டை நக்கினார், கல் நீலமாயிற்று. எல்லோரும் பார்க்க, திருப்பித் திருப்பிச் செய்து காட்டினார். கடைசியில் மேடம் பேனாவைத் திறந்தார். "உள்ள ஓடுறது இவர் இத்தனை வருஷமா குடிக்காத தண்ணி," என்று, வேறு எந்தக் கல்லைப் பற்றியும் சொல்வதுபோலவே சொன்னார். "இவருக்குத் தாகம் இருந்தா ஓடுது. தாகம் தீந்தா நின்னுடுது." கூடத்தில் யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. அக்கா எழுந்து போய், தம்பியின் கையிலிருந்த டம்ளரை, வெகு மரியாதையாக, வாங்கி வைத்தார்.

சோதனை அறிக்கை நான்காவது நாள் வந்தது. வகை: குருந்தம். நிறம்: நீலம். கடினம்: ஒன்பது. நீரோட்டம்: உரியவர் தண்ணீர் குடிக்காதவரை மிக நன்று. கிடைத்த இடம் என்ற கட்டத்தில் வழக்கமாக நாட்டின் பெயர் எழுதுவார்கள். மேடம் 'இடது' என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் தரம்: முதல் தரம். மீட்டர் அந்த வரியைப் பல முறை படித்தார். அவரிடமிருந்து வந்த எதையும் யாரும் இதுவரை முதல் தரம் என்று சொன்னதில்லை. மனைவி அவருடைய சமையல் உதவியைச் சொன்னதில்லை, அதிகாரிகள் அவருடைய எழுத்தைச் சொன்னதில்லை, மகள் அவருடைய ஹாஸ்யத்தைச் சொன்னதில்லை. அதனால், சும்மா கொஞ்ச நாள், கல் விலைபோகும்வரை மட்டும், தாகத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று மச்சான் கேட்டபோது அவர் சரி என்றார். தன்னை யாரோ கட்டாயப்படுத்தினார்கள் என்று பிற்காலத்திலும் அவர் சொன்னதில்லை.

கொஞ்ச நாள் என்பது இரண்டு வருஷமாயிற்று. ஒரு மனிதன் இரண்டு வருஷம் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் அரசாங்க வேலையில் இருந்ததில்லை. வீட்டுக் குழாய்களுக்கெல்லாம் மச்சான் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார். ஆரஞ்சு, தர்ப்பூசணி ஆகியவை வீட்டுக்குள் வருவது தடை செய்யப்பட்டது. மாத்திரைகளை மீட்டர் வெறும் வாயில் விழுங்கப் பழகினார். மழைக்காலத்தில் அவர் தெருவில் நடக்கும்போது வாயைத் திறந்துவிடுவாரோ என்று மச்சான் குடையோடு பின்னாலேயே போனார். முதல் மழையிலேயே குடை தேவையில்லை என்று தெரிந்தது. மழை மீட்டரைச் சுற்றி மட்டும் பெய்தது, ஆள் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டு. குடைக்காரர்தான் நனைந்தார். ஒன்றாக வேலை பார்த்தவர் ஒருவர் இறந்தபோது மீட்டர் அழுதார். கண்ணிலிருந்து உப்பு மட்டும் பொடியாக உதிர்ந்தது. அக்கா அதைத் தட்டி எடுத்து ஜாடியில் போட்டுவைத்தார். கடை உப்பைவிட வெள்ளை என்று ஒரு வாரத்துக்கு அதைப் பற்றியே பேசினார். குடிநீர் வாரியத்தில் அவருடைய வேலையில் எந்தக் குறையும் இல்லை. அவர் குனிந்து பார்த்தால் சில வீடுகளில் மீட்டர் முள் வெட்கப்பட்டுப் பின்னால் போனது என்று மட்டும் புகார் வந்தது. அதிகாரி விசாரித்து, 'திருப்திகரம்' என்று எழுதினார்.

இதற்கிடையில் வெளியூரில் இருந்த ஒரு கல் வியாபாரிக்கும் அந்த வீட்டுக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. மச்சான் சொல்வார், மீட்டர் எழுதுவார். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் அவருக்கு எந்தக் கடிதமானாலும் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாக வந்தால்தான் கை ஓடும். வியாபாரி நிதானமான மனிதர். ஆள் காப்பி குடிப்பாரா என்று கேட்டு ஒரு கடிதம். ஆவி பிடிப்பாரா என்று ஒன்று. தூக்கத்தில் தண்ணீர் குடிப்பதாகக் கனவு கண்டால் கல்லில் தெரிகிறதா என்று ஒன்று. மீட்டர் தன் கனவுகளைத் தேதிவாரியாகப் பிரித்துப் பதில் எழுதினார். கனவில் ஆறுகள் வந்தன. தான் கரையில் நின்று அவற்றின் அளவைக் குறித்துக்கொண்டதோடு சரி என்று உறுதியளித்தார். வீட்டில் மற்றவர்கள் அதற்குள் மாடியில் குடியேறிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. கல் விற்றுக் கட்டப்போகிற மாடி அது. அக்காவுக்குக் கிழக்குப் பக்கத்து அறை. காற்று வராது என்று மச்சான் சொன்னதால் இருவருக்கும் பேச்சு நின்றுபோய், கட்டாத வராந்தாவின் வழியாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மாறியது மீட்டரின் கனம். மர நாற்காலி ஒடிந்தது; அடுத்தது இரும்பில் வாங்கினார்கள். பிறகு நிறம். டியூப்லைட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவர் நீலமாகத் தெரிந்தார், எழுந்து அந்தப் பக்கம் போனால் லேசான பச்சை. மகள் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கல் டாக்டர் வலது பக்கத்தை அழுத்திப் பார்த்தார், விரல் வலித்ததால் கையை எடுத்துக்கொண்டார். "கிட்னியில கல்லுன்னு இனிமே சொல்ல முடியாது," என்றார். "கிட்னியே கல்லாயிட்டு வருது. இன்னும் ஒரு ஆறு மாசம் இப்படியே விட்டீங்கன்னா ஆபரேஷன் வேண்டியதில்ல. ஆளையே மோதிரத்துல பதிச்சுக்கலாம்." மகள் இதை வீட்டில் அப்படியே சொன்னாள்.

"மாப்பிள்ளை இப்பத்தான் உருப்படியா ஆயிட்டு வர்றாரு," என்றார் மச்சான்.

"மாமா, அவரு செத்துருவாரு."

"யாரு சொன்னா? கல்லு எங்கயாவது சாகுமா? நாமெல்லாம் போன பிறகும் அப்பா இருப்பாருன்னு சந்தோஷப்படு."

மீட்டர் வாயைத் திறக்கப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததால் இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்கே அவருக்கு நேரம் பிடித்தது. அதற்குள் மற்றவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அவர் சோதனை அறிக்கையை எடுத்துப் படித்தார். முதல் தரம் என்ற வரிக்கு மேலே கண் போனது. நீரோட்டம், உரியவர், தண்ணீர். உரியவர் என்றால் தான்தானா, அல்லது கல்லுக்கு உரியவரா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. இலக்கணப்படி இரண்டும் சரி.

அறிக்கையைப் புதுப்பிக்க மேடம் இரண்டாம் முறை வந்தார். கல் இருந்தபடியே இருந்தது. அளவுகள் சரியாக இருந்தன. நீரோட்டம் முன்னைவிட வேகமாக ஓடியது. கருவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்படும்போது மேடம் ஒரு கணம் நின்று, பழக்கதோஷத்தில், தன் புறங்கையை மீட்டரின் கையில் வைத்தார்.

"சூடு வாங்கல," என்றார்.

ஆட்களுக்குச் சான்று கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் சமையலறை நிலைப்படியில் இருந்த மனைவிக்கு அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. முதல் சோதனையின்போதும் அவள் அதே இடத்தில்தான் இருந்தாள். எல்லோரும் எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் எது கண்ணாடி, எது கல் என்பதற்கு மேடம் சொன்ன குறிப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி கணவரின் கையை மடியில் வைத்து நகம் வெட்டினாள். கட்டைவிரலிலேயே நகவெட்டி வாயைப் பிளந்தது. அரிவாள்மனையை எடுத்துப் பார்த்தாள். அதில் பல் விழுந்தது. மீட்டர் மன்னிப்புக் கேட்பதுபோலக் கையை இழுத்துக்கொண்டார், இழுத்த வேகத்தில் விரல்நுனி சன்னல் கண்ணாடியில் பட்டு, வெள்ளையாக நீளக் கோடு விழுந்தது. இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

"வலிக்குதாங்க?"

"இல்லம்மா. எதுவுமே வலிக்கல."

அவள் எழுந்து அரிவாள்மனையைச் சாணை பிடிக்கிறவருக்கென்று தனியாக வைத்தாள். அண்ணன் இடுப்பில் தொங்கிய சாவியைப் போகிறபோக்கில் ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

அந்த வாரமே வியாபாரியின் கடைசிக் கடிதம் வந்தது. கல்லை வாங்கிக்கொள்ளச் சம்மதம். ஒரே நிபந்தனை: உரியவர் தம் ஆயுள் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை என்று தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மச்சான் வீட்டுக்கு வரும் வழியிலேயே கொத்தனாரைப் பார்த்துவிட்டு வந்தார். எல்லோரும் கூடத்தில் அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள்: அவர் சோபாவில், அக்கா மறுபாதியில், மகள் பிளக் பாயிண்ட் பக்கத்தில், மனைவி நிலைப்படியில். மேசையில் மேடம் இருந்த இடத்தில் இப்போது மீட்டர், இரும்பு நாற்காலியில். முன்னால் தாளும் உறையும். பக்கத்தில் மருந்து மூடியில் கல், நீலமாக, ஒளி உள்ளே பாய்ந்து பாய்ந்து ஓட.

மச்சான் சொல்லச் சொல்ல மீட்டர் எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள்: தண்ணீர் குடிக்காமை குறித்து. பார்வை: தங்கள் கடிதம். 'ஆயுள் முழுவதும்' என்ற இடத்தில் மற்றவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். பேனா நிற்காமல் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனது. கையெழுத்தும் போட்டார். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, உறையின் ஓரத்தை நாக்கில் தடவினார். கரகரவென்று சத்தம் கேட்டது. பசை உரிந்து தூளாக மேசையில் கொட்டியது, ஒட்டவில்லை. எதிர்முனையில் இன்னும் ஒரு முறை தடவினார், உறையில் கீறல் விழுந்தது.

"குடுங்க மாப்பிள்ளை," என்று கையை நீட்டிய மச்சான் பாதியில் இழுத்துக்கொண்டார். "அந்தப் பசை இனிப்பா இருக்கும். எனக்குச் சுகர்."

"அதெல்லாம் எலும்புல காய்ச்சுறது, நான் வாயில வைக்க மாட்டேன்பா," என்றார் அக்கா.

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

"நான் இதுக்கு நாக்கு குடுக்க மாட்டேன்," என்றாள் மகள்.

மீட்டர் உதட்டைப் பிரித்தார். வாக்கியம் தொடங்குவதற்கு வழக்கமான நேரம் ஆயிற்று. இந்த முறை யாரும் வேறு விஷயத்துக்குப் போகவில்லை.

"கொஞ்சம் தண்ணி வேணும்," என்றார்.

மச்சான் யோசித்தார். பசைக்கு என்றால் ஒரு சொட்டு போதும். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார். "ஒரு ஸ்பூன்ல கொண்டா."

மனைவி சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது ஒரு ஸ்பூனுக்கு ஆகிற நேரத்தைத் தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது அவள் கையில் வீட்டிலேயே பெரிய சொம்பு இருந்தது, தளும்பத் தளும்ப. அதைக் கணவரின் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, முதல்முறையாக நிலைப்படிக்குத் திரும்பாமல், அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

மீட்டர் சொம்பை இரண்டு கையாலும் எடுத்தார். முதல் மடக்கில் கல் வெளுக்கத் தொடங்கியது. "மாப்பிள்ளை, ஒட்டுறதுக்குத்தான் கேட்டீங்க," என்றார் மச்சான். அடுத்தடுத்த மடக்குகளில் உள்ளே ஓடிய ஒளி தயங்கி, தேங்கி, நின்றது. அக்கா எழுந்தார்; கிழக்குப் பக்கத்து அறை காற்றோடு போவதை உணர்ந்தவர்போல மறுபடியும் உட்கார்ந்தார். மீட்டர் அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார். சொம்பைக் கீழே வைத்தபோது அவருடைய நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. மருந்து மூடியில் ஒரு சோடா பாட்டில் சில்லு இருந்தது. மனைவி அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தொட்டபடியே இருந்தாள், அது சூடு வாங்கும்வரை.

"என்ன மாப்பிள்ளை இது," என்றார் மச்சான்.

"ஒட்டுறதுக்குத்தான் குடிச்சேன் மச்சான்."

மச்சான் தரகர், எந்தப் பேரமும் ஒரே நாளில் முடிவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, நாளைக்கு மறுபடியும் தாகம் எடுக்கும்ல? கல்லு நீலமாயிடும்ல?"

"எடுக்கும்ணே," என்றாள் மனைவி. "எடுத்தா குடிப்பாரு." கல்லை மூடியோடு எடுத்துக்கொண்டு போய், கீறல் விழுந்த சன்னலின் விளிம்பில், சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து வைத்தாள். "இது இங்கேயே இருக்கட்டும். நீலமாச்சுன்னா எனக்குத் தெரியும்ல, தண்ணி கொண்டாந்துருவேன்."

"வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாதா?" என்றாள் மகள். மீட்டர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுடைய ஹாஸ்யம் அவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவர் உறையிலிருந்து தாளை வெளியே எடுத்துப் பிரித்தார். எழுதியதை அடிப்பதோ கிழிப்பதோ அவருடைய பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறை அல்ல. கையெழுத்துக்குக் கீழே இடம்விட்டு, பிற்சேர்க்கை என்று எழுதி அடிக்கோடிட்டார். 'மேற்கண்ட உறுதிமொழியை எழுதி முடித்த பிறகு எனக்குத் தாகம் எடுத்ததால் தண்ணீர் குடித்துவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனவே கல் தற்சமயம் கண்ணாடியாக உள்ளது. இனி தாகம் எடுக்கும்போது அது நீலமாகும். அப்போது நான் மறுபடியும் குடிக்க உத்தேசித்திருக்கிறேன். இடைப்பட்ட நேரத்துக்கு மட்டும் கல் தேவைப்பட்டால் எழுதவும்.' தாளை மறுபடி மூன்றாக மடித்து உள்ளே வைத்தார். நாக்கை நீட்டி, பசை மிச்சமிருந்த இடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாக ஈரப்படுத்தி, கட்டைவிரலால் அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. மகள் கைபேசியைச் சார்ஜிலிருந்து பிடுங்காமலேயே எழுந்து, உறையை வாங்கிக்கொண்டு, தெருமுனைத் தபால்பெட்டிக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.